அந்தக் கப்பலுக்குள் என்ன?

கல்குடாவில் கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவருக்கு, பத்திரிகைக்காரன் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்ற எண்ணம். 2022இல் ஊருக்குப் போயிருந்தபோது, தொடுவானில் நகர்ந்த கப்பலொன்றைக் காட்டிக் கேட்டார்:

“அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு எங்களுக்கு ஆரு மனே சொல்ற?”

முந்திய ஆண்டு கொழும்புக் கடலில் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் அவர் மனத்தில் இருந்தது. என் நினைவுக்கு வந்ததோ, அதற்கு ஒரு மாதம் முன்னர், 2021 ஏப்ரலில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்த பிபிசி நேப்பிள்ஸ் என்ற கப்பல். (வானொலிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ரொட்டர்டாமிலிருந்து சீனாவுக்குப் போன அக்கப்பலில் யுரேனியம் ஹெக்ஸாபுளோரைட்டு இருந்தது. அது கழிவன்று, அணு எரிபொருளுக்கான இடைப்பொருள். ஆயினும் ஈரம் பட்டால் அரித்துத் தின்னும் நச்சுவாயுவைத் தரக்கூடியது. முன் அனுமதி பெறவில்லை என்று கூறி, இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை கப்பலை வெளியேறப் பணித்தது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அந்த அதிகாரத்தைப் பேரவைக்குத் தந்திருக்கிறது.

“சட்டப்படி அவர்கள் அறிவிக்கவேண்டும்” என்றேன்.

“அறிவிக்காட்டி?”

1984 ஓகஸ்டில் பெல்ஜியக் கரைக்கப்பால், மொன் லூயி என்ற பிரெஞ்சுக் கப்பல் பயணிகள் கப்பலொன்றுடன் மோதி மூழ்கியது. அதிலும் இதே பொருள்தான், முப்பது கொள்கலன்களில். கரையிலிருந்தோருக்கு அதைச் சொன்னது அரசன்று, கிரீன்பீஸ் அமைப்பு. நல்லவேளையாகக் கொள்கலன்கள் யாவும் மீட்கப்பட்டன.

அப்படியானால் ஊரே தடைவிதித்துவிடலாமே என்று தோன்றும். நியூயோர்க் மாநகரம் அதைச் செய்துபார்த்தது. லோங் ஐலண்டிலுள்ள புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தின் தீர்ந்த அணு எரிபொருள் நகர வீதிகளால் போவதை 1976இல் சுகாதார விதியொன்றால் தடுத்தது. மத்திய போக்குவரத்துத் திணைக்களம் அதனை மேவும் விதியைக் கொண்டுவர, 1983இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மத்திய அரசின் பக்கமே நின்றது. அவ்வளவு பெரிய நகரத்துக்கே அந்தக் கதி என்றால், எங்கள் பிரதேச சபை எம்மாத்திரம்!

ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. தடுக்கும் உரிமை கிடைக்காத இடத்தில், அறியும் உரிமை கிடைத்தது. 1982 முதல், குறித்த சில அணுக்கழிவுகள் ஒரு மாநிலத்தைக் கடக்குமுன் அதன் ஆளுநருக்கு அறிவிக்கவேண்டும். 2012இல் செவ்விந்தியக் குடிகளுக்கும் அவ்வுரிமை விரிக்கப்பட்டது. நாளும் பாதையும் பகிரங்கப்படுத்தப்படுவதில்லை. பாதுகாப்புக் கருதி அது நியாயமே.

நான் கேட்பதும் அவ்வளவுதான். மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் பயன்பட்டுக் கழிந்த கதிர்வீச்சு மூலங்கள் வீதியால்தான் போகவேண்டும். அப்படியொன்று எங்கள் பக்கத்தால் போகுமானால், வாழைச்சேனை வைத்தியசாலைக்கும் பொலிசுக்கும் பிரதேச சபைத் தவிசாளருக்கும் முத்திரையிட்ட ஒரு கடிதம் முன்கூட்டி வரட்டும். கடலால் போவதென்றால், மீனவர் சங்கத் தலைவருக்கும் ஒன்று.