டைட்டானியத்துக்குச் செய்கூலி

சொல்லிச் செய்யும் என் டைட்டானிய மலைச் சைக்கிள் ஃப்ரேமுக்கு நாலாவது வரைபடம் நேற்று ராத்திரி வந்தது. கலிபோர்னியாவில் என் ஊரான ஃப்ரிமான்ட்டில் இரவு பத்து மணி என்றால், பட்டறை இருக்கும் சீனாவின் பாவோஜியில் மறுநாள் பகல் ஒரு மணி. நான் கொட்டாவி விட்டபடி கேள்வி அனுப்ப, அவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பதில் போடுகிறார்கள். இந்தத் தடவையும் ஃபோர்க் உயரம் தப்பு. நான் கொடுத்தது 530 மில்லிமீட்டர், படத்தில் இருப்பது 510. இருபது மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. 510-க்கு வரைந்த ஃப்ரேமில் 530 ஃபோர்க்கை மாட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், தலைக்குழாய் ஏறத்தாழ ஒரு பாகை கூடுதலாகச் சாயும், பெடல் அச்சும் மேலே ஏறும். சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பினேன். சிரிக்கும் முகம் ஒன்று பதிலாக வந்தது.

*

ஊரில் தையல்காரரிடம் அளவுக்கு ஒரு பழைய சட்டையைக் கொடுத்துவிட்டு வருவோம். "இதேமாதிரி, தோள் மட்டும் அரை இஞ்ச் கூட்டி." சைக்கிளுக்கும் அதுதான் நல்ல வழி. ஆறு வருஷம் ஓட்டிய அலுமினிய வண்டியைச் சுவரில் சாய்த்து, தூக்குக்குண்டும் டேப்பும் வைத்து அளந்தேன். எது பிடித்திருக்கிறதோ அதில் கைவைக்கவில்லை. எது உறுத்துகிறதோ அதை மட்டும் மாற்றினேன். என் உயரம் 165 செ.மீ., கால் குட்டை, இடுப்புக்கு மேலே நீளம். கடையில் கிடைக்கும் சின்ன சைஸில் ஹேண்டில்பார் மடிக்குள் வந்துவிடும். நடு சைஸில் ஏறினால் இறங்கும்போது பார் இடிக்கும், எங்கே என்று எழுதத் தேவையில்லை.

உங்கள் உடம்பு சராசரி என்றால் இந்த வேலையே வேண்டாம். இதே பட்டறைகள் ஆயத்த அளவுகளிலும் விற்கின்றன. காசும் மிச்சம், தூக்கமும் மிச்சம்.

*

கையில் இருந்தது 1,400 டாலர், ஃப்ரேமுக்கு மட்டும். கொலராடோவில் மூட்ஸ், பாஸ்டன் பக்கத்தில் செவன் என்று பெயர்பெற்ற அமெரிக்கப் பட்டறைகளில் ஃப்ரேம் மட்டுமே நாலாயிரத்தைத் தொடும், தாண்டும். பாவோஜிக்காரர் சொன்ன கணக்கு: ஃப்ரேம் 980, பின்சக்கரம் மாட்டும் நகரும் பின்முனைகளுக்கு 80, கேபிள் உள்ளே போக 60, பெட்டியும் கப்பலும் 160. ஆக 1,280. சுங்கம் தனி. அதை மனைவியிடம் சொன்ன தொகையில் சேர்க்கவில்லை என்பதை இந்த நோட்டில் மட்டும் எழுதிவைக்கிறேன்.

நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று கேட்பார்களே, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு இடத்திலும் உலோகம் ஒன்றுதான், குழாயின் தரமும் ஒன்றாக இருக்கலாம். நாலாயிரம் கேட்பவர் தொலைபேசியில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து என்ன எடை, எங்கே ஓட்டுவாய், முதுகு வலிக்குமா என்று குடைந்து, குழாயின் குறுக்களவு முதல் எல்லாவற்றையும் தானே முடிவுசெய்வார். 980 கேட்பவர் நீ கொடுத்த படத்தைப் பற்றவைப்பார். மிச்சமாகும் மூவாயிரத்துக்கான வேலை என் மேசைக்கு வந்துவிட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை. டமால்பைஸ் மலை. இங்கே எல்லாருக்கும் அது 'மவுன்ட் டாம்'. நம் காதில் 'தமிழ்' பாதியில் நின்றதுபோல் விழும்.

மலைச் சைக்கிள் பிறந்த வீடு இந்த வட்டாரம்தான். ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு மண் சாலை, ஏறத்தாழ இரண்டு மைலில் 1,300 அடி இறங்கும். 1976-இல் அதில் பந்தயம் தொடங்கினார்கள். பழைய ஷ்வின் வண்டிகள், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். அடிவாரம் வரும்போது பின்சக்கரக் குடத்தின் கிரீஸ் புகைந்து தீர்ந்திருக்கும், திரும்பக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஓட்டிய ஓட்டில் பழைய ஃப்ரேம்கள் உடைந்தன. சார்லி கெல்லி என்பவர், சாலைச் சைக்கிள் ஃப்ரேம் செய்துகொண்டிருந்த ஜோ பிரீஸிடம் போய் இந்த மலை தாங்குகிறாற்போல் ஒன்று செய்துகொடு என்று கேட்டார். 1977-இல் பிரீஸ் எஃகுக் குழாயில் செய்த முதல் வண்டி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, மலைச் சைக்கிள் என்ற சாமானே சொல்லிச் செய்ததில்தான் ஆரம்பம். நான் ஒன்றும் புதிதாக ஆடம்பரம் பண்ணவில்லை.

இப்போது அந்த மலைச் சாலைகளில் சைக்கிளுக்கு மணிக்கு 15 மைல்தான் உச்சம், வளைவில் 5. ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்கு மூடல். பிறந்த வீட்டில் வரவேற்பு இவ்வளவுதான்.

*

டைட்டானியம் அபூர்வம் என்று ஒரு நினைப்பு உண்டு. பூமியின் மேலோட்டில் அளவில் ஒன்பதாவது இடம் அதற்கு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கால் சுடச்சுட நடந்தவர்களுக்கு அங்கேயுள்ள கறுப்பு மணல் தெரியும். அதில் இருக்கும் இல்மனைட் டைட்டானியமும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான். உலகில் தோண்டும் டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி உலோகமாகவே மாறுவதில்லை, வெள்ளைச் சாயமாகிச் சுவர்ப் பூச்சுக்கும் பற்பசைக்கும் போகிறது. உலோகமாக்குவதில்தான் செலவு. குளோரினோடு சேர்த்து ஆவியாக்கி, பிறகு மக்னீசியத்தோடு நாள்கணக்கில் சுடவைத்துப் பிரிக்க வேண்டும். லக்சம்பர்க்காரர் வில்லியம் குரோல் கண்ட முறை, இன்றும் அதுதான் நடைமுறை. கடைசியில் கிடைப்பது கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான கட்டி. அதை உருக்கி, இழுத்து, குழாயாக்கி முடிக்கும்போது மணலின் விலை யாருக்கும் நினைவிருக்காது.

*

குழாய். கிரேடு 9 போதும். 3 சதவீதம் அலுமினியம், 2.5 சதவீதம் வனேடியம் சேர்ந்தது. விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்க்காக வந்த கலவை, சைக்கிளுக்கு வந்தது பிற்பாடு. கிரேடு 5 இன்னும் வலு, ஆனால் மூட்டில்லாக் குழாயாக இழுப்பது கஷ்டம். பட்டறைக்காரர் அதற்கு 300 டாலர் கூட்டிச் சொன்னார். வேண்டாம் என்றேன். பின்முனைத் தகடுகளில் மட்டும் கிரேடு 5, அங்கே அது நியாயம்.

டைட்டானியத்தின் எடை எஃகின் பாதியைவிடச் சற்றுக் கூடுதல், விறைப்பு எஃகில் பாதி. அதே குறுக்களவில் செய்தால் வண்டி நூடுல்ஸ் மாதிரி நெளியும். சுவர்த் தடிமன் மாறாமல் குழாயைப் பெரிதாக்கினால் விறைப்பு குறுக்களவின் மும்மடியாக ஏறும். 31.8 மி.மீ. எஃகுக் குழாயின் விறைப்பு வேண்டுமென்றால் டைட்டானியத்தில் 40 மி.மீ. வேண்டும். பட்டறையில் கையிருப்பு 38, 42, 44. என் எடை 74 கிலோ, 42 எடுத்தேன். கையிருப்பில் இல்லாத அளவைக் கேட்டால் விலையும் நாளும் ஏறும்.

டைட்டானியம் மெத்தென்று ஓடும் என்று எழுதாதவர் இல்லை. 2.4 அங்குல டயரில் இருபது சொச்சம் பி.எஸ்.ஐ. காற்றடித்துவிட்டு அந்த மெத்தை உலோகத்தில் இருக்கிறது என்று சத்தியம் செய்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. துருப்பிடிக்காது, பெயின்ட் வேண்டாம், கீறினால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்தால் போச்சு. எனக்கு அந்தக் காரணங்களே போதும்.

*

பற்றவைப்புப் படம் கேட்டிருக்கிறேன். சூடேறிய டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி அப்பளம்போல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால் ஆர்கான் வாயுவை வெளியே மட்டுமல்ல, குழாய்க்கு உள்ளேயும் ஓடவிட்டுப் பற்றவைக்க வேண்டும். நிறம் கதை சொல்லிவிடும். வெள்ளி நிறம் என்றால் முதல் தரம், வைக்கோல் நிறம் பரவாயில்லை, நீலம் சந்தேகம், சாம்பலும் வெள்ளைப் பொடியும் கண்டால் திருப்பி அனுப்பு.

இதில் ஒரு சூட்சுமம். பற்றவைத்த பிறகு கம்பி பிரஷால் தேய்த்தால் எந்த நிறமும் வெள்ளியாகிவிடும். 'தேய்க்குமுன் எடுத்த படம்' என்று அழுத்திக் கேட்டேன். தலைக்குழாய்க்குள் டார்ச் அடித்தும் ஒரு படம். இரண்டு நாள் மௌனம். பிறகு பதினொரு படங்கள் வந்தன. உள்ளே வைக்கோல் நிறம். நிம்மதியாகத் தூங்கினேன்.

*

பெட்டி வந்துவிட்டது. ஒப்புதல் கையெழுத்து போட்டு ஒன்பது வாரம். 1.9 கிலோ.

முதல் வேலை நூல் சோதனை. பின்முனை ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் கட்ட வேண்டும். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வரவேண்டும். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பெடல் அச்சின் மரை சுத்தம். மரைகளில் செப்புக் கிரீஸ் தடவாமல் எதையும் முறுக்கவில்லை. டைட்டானிய மரை காய்ந்த நிலையில் கடித்துக்கொண்டால் பிறகு ரம்பம்தான்.

*

எல்லாம் மாட்டி, கடைசியாக சீட் போஸ்ட். பொத்தானை அழுத்தினால் 170 மி.மீ. இறங்கும் வகை. ஃப்ரேமுக்குள் 250 மி.மீ. போகவேண்டியது 230-இல் டக்கென்று நின்றது. திருப்பிப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன். டார்ச் அடித்தால், இருக்கைக் குழாயின் பாட்டில் மரைக்குடங்களில் மேலேயுள்ளது குழாய்க்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

கோபத்தோடு வரைபடத்தை எடுத்தேன். மேல் விளிம்பிலிருந்து 230. அடுத்தது 64 தள்ளி, 294. மில்லிமீட்டர் பிசகாமல் செய்திருக்கிறார்கள். அந்த 230 என் எண். முதல் வரைபடத்திலேயே நான் போட்டது, ஐந்து திருத்தத்திலும் நான் பார்க்காமல் கடந்தது. ஃபோர்க் உயரத்தில் அவர்கள் தப்பை நாலுமுறை பிடித்த கண்ணுக்கு இது படவில்லை. பாட்டில் அழகாக நடுவில் உட்கார வேண்டும் என்று அங்கே வைத்தேன். குழாயை வீடு மாதிரி வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன், உள்ளே ஒருவர் குடியிருக்கப்போகிறார் என்று தோன்றவில்லை. நாலாயிரம் கேட்கும் ஆள் முதல் தொலைபேசியிலேயே கேட்டிருப்பார்: "என்ன சீட் போஸ்ட் போடுகிறாய்?"

170-ஐ விற்றுவிட்டு 150 வாங்கினேன். நஷ்டம் 90 டாலர். அதையும் சேர்த்து என் செய்கூலி.

*

வண்டி நன்றாக ஓடுகிறது. முழங்கால் ஹேண்டிலில் படவில்லை, பார் இடிக்கவில்லை. இறக்கத்தில் இருக்கை இரண்டு சென்டிமீட்டர் மேலே நிற்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்களும் இப்படிச் செய்யச் சொல்லப்போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். படத்தில் கையெழுத்துப் போடுமுன், மாட்டப்போகும் ஃபோர்க்கையும் சீட் போஸ்டையும் முதலில் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு அளந்துவிடுங்கள்.