கொல்லாமல் விட்ட கதைக்கே முதலிடம்

சிறந்தது எது, அதற்கு அடுத்தது எது என்று வரிசைப்படுத்திப் பார்க்கும் ஆவல் மனிதர் யாவர்க்கும் உண்டு. பந்தியில் பரிமாறிய பலகாரம் முதல் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண் வரை நாம் எதனையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் கதைகளை வரிசைப்படுத்தத் தொடங்கினால், சிறிது நேரத்தில் வரிசைப்படுத்துவோரின் உள்ளமே தாளில் இறங்கிவிடுகிறது. கடந்த கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்தில் எழுந்த விவாதம் ஒன்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

விவாதத்திற்குப் பொருளானது ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்க அறிவியற் புனைகதைத் தொடரின் முதற்பருவம். ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடரை என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் ஒளிபரப்பத் தொடங்கியது. 1967 ஏப்ரல் 13ஆம் நாள் முடிந்த முதற்பருவத்தில் 29 பகுதிகள் உள்ளன. 1969இல் தொடர் நிறுத்தப்பட்டபோது மூன்று பருவங்களுமாக 79 பகுதிகள் வந்திருந்தன. ‘எண்டர்பிரைஸ்’ என்னும் விண்கப்பல், அதன் தலைவர் கிர்க், உணர்ச்சிக்கு இடங்கொடாமல் அறிவின் வழியே நடக்கும் ஸ்பாக், மனம் பொறாது வெடித்துப் பேசும் மருத்துவர் மெக்காய் ஆகியோரே கதைமாந்தர்.

இல்லறத்தாராகிய நாங்கள் இருவரும், கல்லூரியில் பயிலும் மகளும், பள்ளியிறுதி வகுப்பு முடித்த மகனும், எங்களோடு வாழும் அத்தையும் நாள்தோறும் இரவில் ஒரு கதையாக அனைத்தையும் கண்டோம். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. அருகிலிருந்து கதையைச் சொல்லிக்கொண்டே வருவது மகளின் பொறுப்பு. இறுதியில் வரிசைப் பட்டியல் ஒன்று எழுதுவதென முடிவாயிற்று. விதிகள் இரண்டு. கதையைக் கண்ட ஒரு வாரத்திற்குப் பின்னும் நெஞ்சில் நிற்பது எது என்பதை நோக்க வேண்டும். எவ்விடம் கொடுத்தாலும் காரணம் கூற வேண்டும். “எனக்குப் பிடிக்கும்” என்பது காரணமாகாது.

கடைசி இடத்தில் சண்டையே எழவில்லை. 1967 மார்ச் 30இல் வெளிவந்த ‘தி ஆல்டர்நேட்டிவ் ஃபாக்டர்’ அவ்விடத்தைப் பெற்றது. லாசரஸ் என்னும் ஒருவனும், வேறோர் அண்டத்தில் வாழும் அவனது மறுபிரதியும் மாறி மாறித் தோன்றும் கதை இது. எவன் எப்போது வருகிறான் என்பதே விளங்குவதில்லை. ஒப்பந்தமான நடிகர் படப்பிடிப்புக்கு வராது போனமையால் இறுதி நேரத்தில் வேறொருவரைக் கொண்டு எடுக்க நேர்ந்த கதை இது. அந்த அவசரம் திரையிலும் தெரிகிறது. ஆயினும் இரண்டு அண்டங்களையும் காக்கும்பொருட்டு, வெறிபிடித்த தன் மறுபிரதியோடு என்றென்றும் பூட்டப்பட்டுக் கிடக்க ஒருவன் தானே இசைவதாக அமைந்த முடிவு சாதாரணமானதன்று.

கடைசிக்கு முந்தைய இடத்தை மகள் வாதாடி, ‘மட்ஸ் விமன்’ என்னும் கதைக்கு அளித்தாள். சுரங்கத் தொழிலாளருக்கு மனைவியராக்கப் பெண்கள் மூவரைச் சரக்குப்போல் ஏற்றிச் செல்லும் ஒரு வணிகனின் கதை அது. அழகு தரும் மாத்திரையைவிடத் தன்னம்பிக்கையே மேல் என்று இறுதியில் கூறினாலும், அப்பெண்கள் யாரை மணப்பது என்னும் கேள்வியைத் தாண்டி அவர்களுக்கென ஒரு வாழ்வைக் கதை காட்டவில்லை என்பது அவள் வழக்கு. மறுப்பதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை.

மூன்றாம் இடத்தை அத்தையே தீர்மானித்தார்கள். 1966 டிசம்பர் 15இல் வெளிவந்த ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ எல்லைப்புறத்தில் இரு விண்கப்பல்கள் ஒன்றையொன்று வேட்டையாடும் கதை. நீர்மூழ்கிக் கப்பற் போர்ப் படங்களின் சாயலில் அமைந்தது. பகைக்கப்பலின் தலைவராக மார்க் லெனார்ட் நடித்தார். வேறு சூழ்நிலையில் பிறந்திருந்தால் நாம் நண்பர்களாக இருந்திருக்கலாமே என்று அப்பகைவர் கிர்க்கிடம் சொல்லி மாயும் காட்சியை மகன் பெரிதும் பாராட்டினான். பகைவரின் முகச்சாயல் தனக்கு இருந்த ஒரே காரணத்தால் தன்னை ஒற்றன் என ஐயுற்ற வீரனையே ஸ்பாக் உயிர்காத்து வெளியே இழுத்து வருவதை நாங்கள் எடுத்துரைத்தோம்.

அத்தை வேறொன்றைக் கண்டிருந்தார்கள். அக்கதை கப்பலின் சிற்றாலயத்தில் ஒரு திருமணத்தோடு தொடங்குகிறது. ஆயத்த ஒலி எழவே மணவினை தடைபடுகிறது. போர் முடிந்தபோது கப்பலில் மாண்டவன் ஒருவன், அவன்தான் மணமகன். அதே ஆலயத்தில் தனித்து நிற்கும் மணமகளிடம் கிர்க் ஆறுதல் மொழிய வருகிறார். “கப்பல் செயிச்சதா தோத்ததான்னு எனக்குத் தெரியாதுப்பா. அந்தப் பொண்ணு தனியா நிக்குதே, அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்” என்றார்கள் அத்தை. மணமான பதினோராம் மாதமே கணவரை இழந்து, நாற்பத்தாறு ஆண்டுகளாகத் தனித்து வாழ்பவர்கள் அவர்கள். அதன்பின் அவ்விடத்தைக் குறித்து எவரும் வாய்திறக்கவில்லை.

முதல் இரண்டு இடங்களுக்குத்தான் மூன்று இரவுகள் விவாதம் நீண்டது.

மகனின் தேர்வு, உலகெங்கும் பலரும் முதலிடம் தரும் ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’. 1967 ஏப்ரல் 6இல் வெளிவந்தது. ஹார்லன் எல்லிசன் எழுதிய மூலப்பிரதியைப் பிறர் பெரிதும் திருத்தியமையால் அவர் நெடுங்காலம் மனம் கசந்திருந்தார். எனினும் அவரது மூலப்பிரதி அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் பரிசையும், ஒளிபரப்பான வடிவம் 1968இல் ஹியூகோ பரிசையும் வென்றன. மருந்தின் வெறியில் மெக்காய் காலத்தின் வாயிலினூடே பாய்ந்து 1930ஆம் ஆண்டின் நியூயார்க் நகரில் விழுகிறார். அக்கணமே வரலாறு மாறி விண்கப்பல் இல்லாமற் போகிறது. பின்தொடரும் கிர்க், ஏழைகளுக்கு உணவிடும் இல்லம் ஒன்றை நடத்தும் ஈடித் கீலர் என்னும் நங்கையைக் காதலிக்கிறார். ஜோன் காலின்ஸ் நடித்த பாத்திரம் இது. அவள் உயிரோடிருந்தால் அவளது சமாதான இயக்கத்தால் அமெரிக்கா போரில் இறங்கத் தாமதமாகும். அதற்குள் ஹிட்லரின் ஜெர்மனி அணுகுண்டைச் செய்து உலகை வெல்லும். இதனை ஸ்பாக் தம் கருவியில் காண்கிறார். ஆகவே அவள் சாலை விபத்தில் மடிய வேண்டும். காப்பாற்ற ஓடும் மெக்காயைக் கிர்க் கட்டிப்பிடித்துத் தடுக்கிறார். அவர் கண்முன்னே அவள் மாள்கிறாள்.

எங்கள் தேர்வோ, ஒரு மாதத்திற்குமுன் மார்ச் 9இல் வெளிவந்த ‘தி டெவில் இன் தி டார்க்’. ஜீன் எல். கூன் எழுதியது. இரண்டு கதைகளையும் இயக்கியவர் ஜோசப் பெவ்னி என்னும் ஒருவரே. தொலைவான கோள் ஒன்றின் சுரங்கத்தில் இருளிலிருந்து ஏதோ ஒன்று வந்து தொழிலாளரைக் கரித்துக் கொல்கிறது. பேய் என்கின்றனர். கொன்றுவிடுமாறு கிர்க்கும் ஆணையிடுகிறார். மண்ணைப்போல் சிலிக்கானால் ஆன உடலுடைய ஓர் உயிரே அது எனத் தெரியவருகிறது. சுரங்கத்தின் கீழ்த்தளமொன்றில் தொழிலாளர் கண்டெடுத்து, பயனற்றவை என உடைத்துப்போட்ட உருண்டைக் கற்கள் ஆயிரமாயிரம். அவை அதன் முட்டைகள். தன் இனம் முழுவதும் மடிய, வருங்காலத் தலைமுறையைக் காக்க எஞ்சிய ஒரே தாய் அது. ஸ்பாக் அதன் உள்ளத்தோடு தம் உள்ளத்தை இணைத்து இதனை அறிகிறார். மெக்காய் கட்டடக் கலவையைப் பூசி அதன் புண்ணை ஆற்றுகிறார்.

பார்ப்பதற்கு அவ்வுயிர் சுருண்ட கம்பளம்போல்தான் இருக்கும். அவ்வுடைக்குள் ஊர்ந்து நடித்தவர் யானோஸ் புரோஹாஸ்கா. மகன் சிரித்துவிட்டான். அத்தை சிரிக்கவில்லை. “பிள்ளைங்களை எல்லாம் உடைச்சுப் போட்டா எந்தத் தாய்ப்பா சும்மா இருப்பா?” என்றார்கள்.

கதைகளை ஒளிபரப்பான நாள்வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது மற்றொன்று புலப்பட்டது. முதன்முதலில் வந்த ‘தி மேன் டிராப்’ கதையிலும் தன் இனத்தில் எஞ்சிய கடைசி உயிர் ஒன்று வருகிறது. உயிர்வாழ உப்பு வேண்டி மனிதரைக் கொல்கிறது. அதனைச் சுட்டுக் கொன்றபின், அழிந்துபோன காட்டெருமைகளை நினைத்துக் கிர்க் வருந்துகிறார்; வருத்தத்தோடு கதை முடிகிறது. ஜனவரி 19இல் வந்த ‘அரீனா’வில், தம் மக்களின் குடியிருப்பை அழித்த பகைவனை வீழ்த்தியபின், தன் எல்லையைக் காக்கவே அவன் தாக்கியிருக்கலாம் என எண்ணிக் கொல்லாது விடுகிறார். மார்ச் மாதத்திலோ ஆயுதத்தைத் தாழ்த்தி, குகையில் அவ்வுயிரின் எதிரே அமர்ந்து காத்திருக்கிறார். கொன்றபின் வருந்துதல், வென்றபின் விடுதல், கொல்லுமுன் நிறுத்துதல் என ஆறே மாதங்களில் இத்தொடர் நடந்து வந்த தூரம் எங்களை வியக்கவைத்தது.

மகன் விடவில்லை. “உங்கள் கதையில் யாரும் பெரிதாக எதையும் இழக்கவில்லை, பிறந்த குஞ்சுகள் சுரங்கம் தோண்டித் தர, தொழிலாளர் செல்வராகின்றனர். ஈடித் கதையில் கிர்க் தம் உயிரினும் மேலானவளை இழக்கிறார். எது பெரிது?” என்றான். நியாயமான கேள்வி. கோடிக்கணக்கானோர் வாழ ஒருத்தி மாள வேண்டுமெனில், அத்துயரைத் தாங்குபவனே வீரன் என்பது அவன் துணிபு.

அதற்கு நாங்கள் அளித்த விடை இது. ஈடித் இறந்தால் என்ன ஆகும், இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கருவி முன்னரே காட்டிவிடுகிறது. எதிர்காலம் தெரிந்தபின் எடுக்கப்பட்ட முடிவு அது. கொடிதாயினும் கணக்கு முடிந்த முடிவு. குகையில் கிர்க்குக்கு அத்தகைய கருவி ஏதுமில்லை. எதிரிலிருப்பது சுமார் ஐம்பது பேரைக் கொன்ற உயிர். அமைதியே உருவான ஸ்பாக்கும், நண்பரின் உயிருக்கு அஞ்சி, சுட்டுவிடுங்கள் என்று தொலைபேசிக் கருவியில் பதறுகிறார். அந்நிலையில் ஒரு கணம் பொறுத்துப் பார்ப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! குடும்பம் நடத்தும் நம் எவர் கையிலும் எதிர்காலம் காட்டும் கருவி இல்லை. முரண்டு பிடிக்கும் மகனிடமும், முகம் திருப்பிக்கொண்ட அண்டை வீட்டாரிடமும், ஏன் இப்படி என்று தெரியாத நிலையில்தான் நாம் நடந்துகொள்ள வேண்டியுள்ளது.

கருவியின் கணக்கை அளவுக்கு மீறி நம்பினால் என்னாகும் என்பதற்கும் இப்பருவத்திலேயே விடையுண்டு. பிப்ரவரி 23இல் வந்த ‘எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்’ கதையில், இரு கோள்கள் 500 ஆண்டுகளாகக் கணிப்பொறியில் போர் புரிகின்றன. குண்டு விழுவதில்லை, கட்டடம் இடிவதில்லை. மாண்டவர் எனக் கணிப்பொறி குறித்தோர் வரிசையில் நின்று தாமே கொலைக்கூடத்தினுள் செல்கின்றனர். இதற்கு நான்காம் இடமும், ‘அரீனா’வுக்கு ஐந்தாம் இடமும் அளித்தோம்.

வாக்கெடுப்பில் ‘தி டெவில் இன் தி டார்க்’ நான்குக்கு ஒன்றாக வென்றது. கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரும் பிற்காலத்தில் இதனையே தமக்குப் பிடித்த கதையெனக் குறித்துள்ளார் என மகள் ஒரு சான்றைச் சேர்த்தாள். அக்கதை படமாகிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய தந்தை காலமானார்; உடன் நடித்தோர் அவருக்கு அரவணைப்பாக நின்றனர். தோற்ற மகனோ தன் பட்டியலைத் தனித்தாளில் எழுதித் தன் மேசைமேல் ஒட்டிக்கொண்டான். அதனைக் கிழிக்க எவருக்கும் உரிமையில்லை. காரணம் கூறி மாறுபட்டவன் அவன்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் தொலைக்காட்சி உண்டு, கதைகளும் உண்டு. கண்டதோடு எழுந்து போகாமல், எது முதல், ஏன் முதல் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதியோரையும் தவறாது கேளுங்கள். ஒரே கூரையின்கீழ் பல்லாண்டு வாழ்ந்தும் நமக்குத் தெரியாத துயரும், நாம் அறியாத பரிவும் அவ்விடைகளில் வெளிப்படக்கூடும்.