வைன் இருந்தால் போதுமா?

ஆக்டிவ் வேர்ல்ட்ஸ் என்ற மெய்நிகர் உலகத்தை 1995-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். செகண்ட் லைஃப் வருவதற்கு எட்டு வருடம் முன்பே! உள்ளே போய், காலி மனையாகப் பார்த்து, சுவர், கதவு, மரம் என்று ஒவ்வொன்றாக நகலெடுத்து நட்டு வீடு கட்டிக்கொள்ளலாம். பிறகு சந்தாவும் வந்தது. சந்தா கட்டியவர் 'குடிமகன்', சும்மா வந்து போகிறவர் 'சுற்றுலாப் பயணி'. குடிமகன் கட்டிய வீட்டில் மற்றவர் கை வைக்க முடியாது. பயணி கட்டியதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கேயும் பட்டா இருந்தால்தான் வீடு :-)

எல்லாம் சரி. ஆனால் உள்ளே போவதற்கான மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான். லினக்ஸ்காரர் என்ன செய்வார்?

கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. லினக்ஸில் ஆள் குறைவு, அதனால் யாரும் மென்பொருள் எழுதுவதில்லை. மென்பொருள் இல்லை, அதனால் ஆள் வருவதில்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். வணிகவியல் பாடப் புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கும், விஷயம் இவ்வளவுதான்.

இந்தச் சிக்கலை வேறு பக்கமாக அவிழ்க்க 1993-ல் தொடங்கியது வைன். பலர் நினைப்பது போல அது கணினிக்குள் இன்னொரு போலிக் கணினி அல்ல. விண்டோஸ் நிரல் ஒன்று கோப்பைத் திறக்கவோ திரையில் சாளரம் வரையவோ வேண்டுமானால் விண்டோஸின் டிஎல்எல் கோப்புகளிடம் கேட்கும். அதே பெயரில், அதே மாதிரி நடந்துகொள்ளும் டிஎல்எல்களை வைன்காரர்கள் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நிரல் கேட்பதை வாங்கி, லினக்ஸிடம் வேலையை முடித்து, பதிலைத் திருப்பிக் கொடுக்கும். முப்பரிமாணக் காட்சிகளுக்கான டைரக்ட்3டி கட்டளைகளை ஓப்பன்ஜிஎல் கட்டளைகளாகவோ வல்கன் கட்டளைகளாகவோ மாற்றிவிடும். சாதாரண பிசியில் செயலி இரண்டுக்கும் ஒன்றேதான், அதை நடிக்கத் தேவையில்லை. அதனால்தான் வேகம் பெரிதாக அடிபடுவதில்லை.

பயனரின் அடைவுக்குள் ஒரு மறைவான அடைவு, அதற்குள் ஒரு பொய்யான சி டிரைவ். நிரல் தான் விண்டோஸில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். மெய்நிகர் உலகத்துக்குள் போக, முதலில் மென்பொருளையே ஒரு மெய்நிகர் உலகத்தில் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது!

எளிதான வேலையா? இல்லை. வைன் 1.0 வெளிவந்தது 2008 ஜூனில். பதினைந்து வருட உழைப்பு.

இதற்கு ஒரு எதிர்வாதமும் உண்டு. 1992-ல் ஐபிஎம் வெளியிட்ட ஓஎஸ்/2 2.0, விண்டோஸ் நிரல்களையும் ஓட்டியது. அப்படியானால் ஓஎஸ்/2-க்கென்று தனியாக எதற்கு எழுத வேண்டும்? விண்டோஸுக்கு எழுதினால் இரண்டிலும் விற்கலாமே! அதன் தோல்விக்கு இது மட்டுமே காரணமல்ல, ஆனால் இதுவும் ஒன்று. 2005-ல் ஐபிஎம் விற்பனையை நிறுத்தியது. லினக்ஸுக்கும் அந்த கதி வராதா என்பது நியாயமான பயம். ஆனால் 2018-ல் வால்வ் நிறுவனம் வைனை வைத்துப் புரோட்டான் செய்தது. 2022-ல் அதை நம்பி, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆள் வந்தார்கள். அந்தப் பயம் பாதி தீர்ந்தது என்றே சொல்லலாம்.

தீராத சிக்கல் வேறு. தேர் டாட்காம் என்ற மெய்நிகர் உலகம் 2003-ல் தொடங்கியது. அதுவும் விண்டோஸுக்கு மட்டும்தான். 2010 மார்ச் 2 அன்று மூடப் போவதாக அறிவித்தார்கள், மார்ச் 9 அன்று மூடிவிட்டார்கள். ஒரே வாரம். அங்கே வீடு, உடை, வண்டி என்று வாங்கியவர்கள் இருந்தார்கள், தாங்களே வடிவமைத்து விற்றவர்களும் இருந்தார்கள். 2012-ல் மறுபடி திறந்தார்கள் என்பது வேறு விஷயம். இடைப்பட்ட காலத்தில் வைன் எவ்வளவு கச்சிதமாக ஓடியும் என்ன பயன்? மறுமுனையில் வழங்கியே இல்லை. அன்றைக்கு விண்டோஸ்காரரும் லினக்ஸ்காரரும் ஒரே மாதிரி வெளியே நின்றார்கள்.

செகண்ட் லைஃப் இதில் கொஞ்சம் தேவலை. உள்ளே போகும் மென்பொருளின் மூலநிரலை 2007 ஜனவரியில் திறந்து கொடுத்தார்கள். அதிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கிய ஃபயர்ஸ்டார்முக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு, வைன் தேவையில்லை. அதே ஆண்டு தொடங்கிய ஓப்பன்சிமுலேட்டர் இன்னும் ஒரு படி மேலே போய் வழங்கியையே திறமூலமாக்கியது. அவரவர் உலகத்தை அவரவர் கணினியிலேயே நடத்திக்கொள்ளலாம்.

ஆகவே மாதக்கணக்கில் உட்கார்ந்து வீடு கட்டப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கட்டியதை ஒருநாள் எடுத்துக்கொண்டு போக முடியுமா? அது லினக்ஸில் ஓடுமா? இரண்டாவது கேள்விக்கு வைன் பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். முதல் கேள்விக்குக் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். அதை மனை பார்க்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.