ஸ்கோர் எழுத ஓர் ஆள்

மே மாதத்து ஞாயிறு, காலை ஐந்தே முக்கால். ஸ்ரீரங்கம் வடக்கு வாசலைத் தாண்டிக் கொள்ளிடக் கரையில் ஏறி நின்றேன். ஆறு என்று சொன்னால்தான் ஆறு. கண்ணுக்கு எட்டிய வரை மணல், நடுநடுவே நாணல் புதர், எதிர்க்கரை ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். கீழே பதினான்கு பையன்கள் வெறுங்காலோடு மணலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவன் என் அக்கா பேரன். பதினைந்து வயது, அணியின் விக்கெட் கீப்பர். “தாத்தா, ஒரு மேட்சாவது வந்து பாரேன்” என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்காகத்தான் உறையூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தேன்.

மாவட்ட லீக்கின் கடைசி டிவிஷனில் ஆடும் அணி. இந்த சீசனில் ஆறு மேட்ச் ஆடி ஆறிலும் தோல்வி. பயிற்சி தருகிறவர் ஸ்ரீரங்கத்தில் பந்தல் காண்ட்ராக்ட் எடுப்பவர். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். அணியின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளப் போனேன். தடுத்துவிட்டார். “முதல்ல ஒரு மேட்ச் ஜெயிச்சுக்கறோம்ண்ணே. அப்புறம் பேர் போட்டு எழுதுங்க.”

மணலில் ஸ்டிச் பால் எழும்பாது. அதனால் கரையை ஒட்டிக் கெட்டியாக இறுகிக் கிடந்த ஒரு களித்திட்டைச் செதுக்கிச் சமன் செய்து மேட் விரித்திருந்தார்கள். மேட்டை இறுக்கி அடித்த ஆணிகள் பந்தல் வேலையிலிருந்து வந்தவை. வலை கட்டிய சவுக்குக் கழிகளும் அப்படியே. முகூர்த்த நாள் என்றால் கழிகள் கல்யாண வீட்டுக்குப் போய்விடும், அன்றைக்கு வலைப் பயிற்சி கிடையாது. நாணலுக்குள் போன பந்தைத் தேட மட்டும் இரண்டு சின்னப் பையன்கள் நின்றார்கள். நல்ல பந்து ஒன்று எண்ணூறு ரூபாயைத் தொடுகிறது. தொலைந்தால் அந்த வாரம் டென்னிஸ் பால்தான்.

“இந்தத் திட்டு எத்தனை மாசம் தம்பி கிடைக்கும்?”

“மேட்டூர் நிரம்பற வரைக்கும்தாண்ணே.”

கணக்கு எனக்குப் புரிந்தது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. பாசனத்துக்கான தண்ணீர் காவிரியில் போகும். மிஞ்சியது கொள்ளிடத்தில் இறங்கும். 2018 ஆகஸ்டில் அப்படி இறங்கிய வெள்ளத்தில் முக்கொம்பு கொள்ளிடம் கதவணையில் ஒன்பது மதகுகள் உடைந்தன. இங்கே கீழே 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஊரே பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர்கள் மட்டும் பிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். விவசாயி கொண்டாடும் வருஷம் இவர்களுக்கு ஆடுகளம் இல்லாத வருஷம்.

ஏழரை மணிக்குப் பந்தல்காரரின் குட்டி யானை வந்து நின்றது. பின்னால் கிட் பைகள், தண்ணீர் கேன், ஒரு கொத்தனார் சட்டி நிறைய எலுமிச்சம் சோற்றுப் பொட்டலங்கள், அவற்றுக்கிடையில் பையன்கள். நான் முன் சீட்டில். காவிரிப் பாலம் ஏறும்போது மலைக்கோட்டை மேல் வெயில் விழுந்திருந்தது. “உச்சிப் பிள்ளையாரே, இன்னிக்காவது டாஸ் ஜெயிக்கணும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொரு குரல்: “டாஸ் மட்டும் போதுமாடா?” சிரிப்பு சத்திரம் பேருந்து நிலையம் வரை ஓயவில்லை.

காஜாமலைப் பக்கம் ஒரு கல்லூரி மைதானம். எதிரணி ஏற்கெனவே வந்து, ஒரே நிறத்தில் டிராக் சூட் போட்டுக் கேட்ச் பிடித்துக்கொண்டிருந்தது. வேப்ப மர நிழலில் அவர்கள் பெற்றோர்களின் கார்கள் வரிசையாக நின்றன. எங்கள் பக்கம் பெரியவர் என்று சொல்ல நானும் பந்தல்காரரும் மட்டும்.

டாஸில் தோற்றோம். நிழல் பார்த்து உட்காரப் போனவனைப் பந்தல்காரர் கூப்பிட்டார். கையில் ஒரு நீள நோட்டு. “அண்ணே, ஒரு உதவி. ரெண்டு பக்கமும் ஒரு ஸ்கோரர் இருக்கணும். நமக்கு எழுதற தம்பி போன மாசம் வேலை கிடைச்சு மெட்ராஸ் போயிட்டான். நீங்க பேங்க்ல இருந்தவர்தானே?”

முப்பத்து நாலு வருஷம் லெட்ஜர் பார்த்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று வாங்கிவிட்டேன். அரை மணி நேரத்தில் வியர்த்துவிட்டது. ஒவ்வொரு பந்தையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும்: அடித்தவன் கணக்கில் ஒன்று, போட்டவன் கணக்கில் ஒன்று. ரன் இல்லையென்றால் ஒரு புள்ளி. வைடு என்றால் கூட்டல் குறி, நோ-பால் என்றால் வட்டம். அம்பயர் கை தூக்கினால் நானும் கை தூக்கிப் பார்த்துவிட்டேன் என்று காட்ட வேண்டும். பை ஓடினால் அது பேட்ஸ்மேனுக்கும் சேராது, பவுலருக்கும் சேராது. எதிரணி ஸ்கோரர் பதினோராம் வகுப்புப் பெண். “அங்கிள், அது லெக் பை” என்று பொறுமையாக இரண்டு முறை திருத்தினாள்.

எங்கள் ஓப்பனிங் பவுலரின் முதல் ஓவரில் பதினொரு பந்து. தெருவில் என்றால் ‘பேபி ஓவர்’ என்று மூன்று பந்தோடு பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்கள். லீக்கில் முடியாது, ஆறு சரியான பந்து விழுந்தே ஆகவேண்டும். அந்தப் பையன் முகம் சுண்டிப்போய் என் பக்கம் பார்த்தான். நான் கூட்டல் குறி போட்டுக்கொண்டிருந்தேன். முப்பது ஓவரில் அவர்கள் ஆறு விக்கெட்டுக்கு 214. அதில் உதிரி மட்டும் 41.

இடைவேளையில் எலுமிச்சம் சோறு. பேச்சு டிஎன்பிஎல் பக்கம் போனது. “திருச்சி டீம்ல யாரைப் பிடிக்கும்?” என்று கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், எல்லாம் வேறு ஊர் அணிகளின் பெயர்கள். நேரில் ஒரு மேட்ச் பார்த்தவன் யாராவது உண்டா? ஒருவனும் இல்லை. எப்படிப் பார்ப்பான்? தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் தொடங்கியபோது காஞ்சி வாரியர்ஸ் என்று பிறந்த அணி, பிறகு ரூபி திருச்சி வாரியர்ஸ் ஆயிற்று. 2023-ல் பால்சி திருச்சி. 2024 முதல் திருச்சி கிராண்ட் சோழாஸ். பெயர் இத்தனை முறை மாறியும் திருச்சியில் ஒரு மேட்ச் நடந்ததில்லை. சேலத்தில் நடக்கும், நத்தத்தில் நடக்கும், கோவையிலும் திருநெல்வேலியிலும் நடக்கும். ஊர்ப் பெயரைச் சுமக்கும் அணிக்கு ஊரில் களம் இல்லை.

அந்த அணியின் கதையும் மேடு பள்ளம்தான். 2021 இறுதிப் போட்டியில் சேப்பாக்கம் அணியிடம் எட்டு ரன்னில் கோப்பையை விட்டது. இரண்டே வருஷத்தில், 2023-ல், ஆடிய ஏழு மேட்சிலும் தோற்று அட்டவணையின் அடியில் கிடந்தது. 2025-ல் எழுந்து வந்து பிளே-ஆஃப் வரை போய்த் திண்டுக்கல்லிடம் தோற்றது. ஏழும் தோற்ற அந்த வருஷம் திருச்சியில் யாரும் வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. நானே வருத்தப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஆடாத, பக்கத்து மைதானத்தில் நடக்காத ஆட்டத்தில் தோல்வி எங்கே வலிக்கும்?

இதைச் சொல்லும்போது மெல்போர்னில் இருக்கும் என் சித்தப்பா பையன் நினைவு வந்தது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன். இருபது வருஷமாக மெல்போர்னின் மேற்குப் பகுதியில் குடியிருக்கிறான். கிரிக்கெட் பைத்தியமாகப் போனவன், முட்டை வடிவப் பந்தைக் காலாலும் கையாலும் தட்டி ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் விழுந்துவிட்டான். அவனுடைய அணி வெஸ்டர்ன் புல்டாக்ஸ். அவன் சொல்லித்தான் எனக்கு அந்தக் கதை தெரியும்.

அந்த அணியின் பழைய பெயர் ஃபுட்ஸ்கிரே. தொழிலாளர்கள் வாழ்ந்த பேட்டையின் அணி. அதுவரை லீக்கில் ஒரே கோப்பை, 1954-ல். கடன் கழுத்தை நெரித்தபோது, 1989 அக்டோபரில், அதை ஃபிட்ஸ்ராய் என்ற இன்னொரு நொடித்த அணியோடு இணைத்துவிடுவதாக லீக் அறிவித்தது. பேட்டை எழுந்தது. ஒரு ரசிகை நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். பீட்டர் கார்டன் என்ற வழக்கறிஞர் முன்னால் நின்றார். ஜனங்கள் தகர டப்பாவைக் குலுக்கித் தெருத்தெருவாக வசூலித்தார்கள். சில வாரங்களில் சுமார் 15 லட்சம் டாலர் சேர்ந்தது, அணி தப்பியது. ஃபிட்ஸ்ராய் ஏழு வருஷம் கழித்து பிரிஸ்பேன் அணியோடு கரைந்துபோனது. புல்டாக்ஸ் 2016-ல், அட்டவணையில் ஏழாம் இடத்திலிருந்து ஏறி, 62 ஆண்டு கழித்துக் கோப்பை வென்றது. காயத்தால் ஆட முடியாமல் போன கேப்டன் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்து, பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தன் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். “டப்பா குலுக்கின கிழவியெல்லாம் அன்னிக்கு ஸ்டேடியத்துல அழுதுதுடா” என்றான் தம்பி.

அந்த டப்பாவில் விழுந்தது கோப்பைக்கான காசு இல்லை. அடுத்த சனிக்கிழமை பேட்டையில் ஒரு மேட்ச் நடக்க வேண்டும் என்பதற்கான காசு.

எங்கள் இன்னிங்ஸ் தொடங்கியது. பன்னிரண்டு ஓவரில் ஐந்து விக்கெட் போனது. அக்கா பேரன் இறங்கினான். ஹெல்மெட் அவனுடையதில்லை, அவுட் ஆகி வந்தவன் கழற்றிக் கொடுத்தது, பேட் அடுத்தவனுடையது. அடிக்கத் தெரியாமல் இல்லை, விட்டுக்கொடுக்க மனமில்லை. கட்டை போட்டுக்கொண்டே நின்றான். புள்ளி, புள்ளி, புள்ளி. என் நோட்டில் அவன் வரிசை எறும்பு ஊர்ந்தது போல் நீண்டது. எதிர் முனையில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். முதல் ஓவரில் பதினொரு பந்து போட்ட அந்தப் பையன் கடைசி ஆளாக வந்து இரண்டு பவுண்டரி அடித்தான். கார்கள் நின்ற பக்கத்திலிருந்தும் கைதட்டல் வந்தது. 118-க்கு எல்லோரும் அவுட். 96 ரன் வித்தியாசத்தில் ஏழாவது தோல்வி. பேரன் ஐம்பத்திரண்டு பந்தில் 23, அவுட் இல்லை.

கணக்கை முடிக்க உட்கார்ந்தேன். பேட்டிங் பக்கம் கூட்டினால் 118. பவுலிங் பக்கம் கூட்டினால் 116. பழைய லெட்ஜர் புத்தி விடவில்லை. எதிரணிப் பெண்ணும் நானும் இருபது நிமிஷம் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்தோம்: அந்தக் கடைசிப் பையன் ஓடிய ஒரு இரண்டை அவன் வரிசையில் எழுதிவிட்டுப் பவுலர் கட்டத்தில் புள்ளி வைத்திருக்கிறேன். திருத்திக் கையெழுத்துப் போட்டேன். பையன்கள் ஒவ்வொருவராக வந்து, தோள் மேல் எட்டி, தங்கள் வரிசையைப் பார்த்தார்கள். சைபர் எடுத்தவன்கூடப் பார்த்தான். ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டான். ஏழு தோல்விக்குப் பிறகும் இவர்கள் ஞாயிறு காலையில் எழுந்து வருவது ஏன் என்று அப்போது விளங்கியது. ஆடியதை யாரோ ஒருவர் பார்த்து, தவறாமல் எழுதி வைத்தால் போதும்.

திரும்பும் வழியில் அண்ணா விளையாட்டரங்கத்தில் இறங்கிக்கொண்டேன். மாலை வெயிலில் செயற்கை ஓடுதளத்தில் சிறுமிகள் வளைவு திரும்பிக்கொண்டிருந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலு பேர் ஓடிய கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக இறங்கியவர்களில் இருவர் திருச்சி மாவட்டத்துக்காரர்கள்: லால்குடிப் பக்கம் வழுத்தியூரின் ஆரோக்கிய ராஜீவும் சுபா வெங்கடேசனும். திறமைக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை. கிரிக்கெட்டில் சின்னப்பம்பட்டி நடராஜன் பேர் வாங்கிய பிறகு தன் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்து 2023-ல் திறந்தார். தான் பட்ட கஷ்டம் அடுத்தவன் படக்கூடாது என்றால் முதலில் தேவைப்படுவது களம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திருச்சியில் டிஎன்பிஎல் மேட்ச் நடக்கும் அளவுக்கு ஒரு கிரிக்கெட் மைதானம் வேண்டும். அது அரசும் சங்கமும் செய்ய வேண்டிய வேலை, கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் உண்டு. உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் கடைசி டிவிஷனில் ஓர் அணி தோற்றுக்கொண்டிருக்கும். ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள். மழைக்காலத்தில் மேட் வைக்க வீட்டு மாடியில் இடம் கொடுங்கள். ஒன்றும் முடியாவிட்டால் ஒரு பேனாவோடு போங்கள். ஸ்கோர் எழுத ஆள் இருக்காது.

அடுத்த ஞாயிறு எட்டாவது மேட்ச். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.