குத்தி சேர்க்கிற வயசு

நாலாம், ஐந்தாம் வகுப்பில் ‘எனது பொழுதுபோக்கு’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், பாதிப்பேர் முத்திரை சேகரித்தல் என்று எழுதுவோம். மிச்சப்பேர் நாணயம் சேகரித்தல். உண்மையாகவே ஒரு பால்மாப் பேணிக்குள்ள நாலு குத்தியாவது வைத்திருந்தவர்கள் எங்களில் கொஞ்சப்பேர்தான். ஆனாலும் அந்தக் கேள்வியைச் சரியான வயசில்தான் கேட்டிருக்கிறார்கள் என்று இப்ப விளங்குகிறது.

எட்டு, ஒன்பது வயதில் காசு இன்னும் முழுசாகக் காசாகியிருக்காது. அது ஒரு சாமான். சதுரமான ஐந்து சதம், பூவிதழ் மாதிரி ஓரம் வளைந்த இரண்டு சதமும் பத்துச் சதமும், கையில் வைத்தால் பாரமே தெரியாத அலுமினியக் குத்திகள். நாங்கள் கடைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் அந்தச் சதங்களுக்கு ஒரு டொபி கூட வாங்கேலாது. அதனால்தான் அம்மம்மாமார் அவற்றை எங்களிடம் தந்தார்கள். பெரிய ஆக்களுக்கு உதவாதது சின்ன ஆக்களுக்குச் சொத்தானது.

அந்த வயதுப் பிள்ளையின் முதல் கேள்வி “இது எவ்வளவு பெறும்?” என்று இராது. “இது ஆர்ர தலை?” என்றுதான் இருக்கும். அந்தக் கேள்வி கனதூரம் கூட்டிக்கொண்டு போகும். எங்கட நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது 1948இல். ஆனால் 1957ஆம் ஆண்டு இரண்டு சதத்தில் எலிசபெத் ராணியின் தலை இருக்கிறது. 1963இல் வந்த குத்திகளில்தான் தலை போய் அரச இலச்சினை வருகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு நாளில் முடிந்துபோகிற சுதந்திரம், குத்தியில் பதினைந்து வருசம் இழுபட்டிருக்கிறது. ஒரு பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு “ஏன்?” என்று கேட்டால், வீட்டில் ஆராவது பதில் சொல்லத்தான் வேணும்.

பதின்மூன்று, பதினாலு வயதில் அது நின்றுபோகும். ரியூசன், ஓ எல், கிரிக்கெட், பிறகு போன். குத்தி பஸ் காசாகிவிடும். வேலைக்குப் போகத் தொடங்கினால் இன்னும் மோசம். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அந்த வருசம் எங்களில் சிலரின் வீட்டில் உண்டியல்கள் உடைந்தன. உள்ளே இருந்த குத்திகளை ஆண்டு பார்த்துப் பிரிக்க ஆருக்கும் மனம் இருக்கவில்லை. எண்ணி, கடையில் குடுத்து, சாமான் வாங்கினோம். இருபதுகளில் இருக்கிற எங்களுக்குக் காசு வெறும் காசுதான்.

பிறகு, முப்பத்தைந்து நாற்பதில், அது திரும்பி வருகிறது. எங்களில் ஒருவரின் சித்தப்பாவுக்கு 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வின்போது ஒன்பது வயசு. வலிகாமத்தில் விட்டுவிட்டு வந்த வீட்டில் அவரின்ர பேணியும் இருந்தது. மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, பேணியும் இல்லை. போன வருசம் அவர் திரும்பவும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். விலை கூடிய வெள்ளிக்காசு, அபூர்வக் காசு ஒன்றையும் தேடுவதில்லை. பேணிக்குள்ள எது எது கிடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்து, அதையே ஒவ்வொன்றாக வாங்குகிறார். “முப்பத்தெட்டு வயசில என்ன விளையாட்டு?” என்று சித்தி கேட்டதற்கு, “விட்ட இடத்தில இருந்து தொடங்கிறன்” என்றாராம்.

இதைக் கேட்டபிறகுதான் எங்களுக்கு ஒன்று பிடிபட்டது. குத்தி சேர்க்க முதலில் வேண்டியது பேணியை வைக்க ஒரு இடம். அடுத்த மாதமும் அதே அலுமாரி, அதே வீடு என்ற நம்பிக்கை. அது இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு அந்த வயசு வராமலே போயிருக்கிறது. வன்னியில் எத்தனையோ வீடுகளில் 2009க்கு முந்திய பொருள் ஒன்றுமில்லை. படங்கள் போனால் போனதுதான். அப்பாவின் கையெழுத்துப் போனாலும் அப்படித்தான். ஆனால் குத்தியை லட்சக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். அதே ஆண்டு, அதே அச்சு, எங்கேயோ வேறொருவரின் பேணியில் தப்பிக் கிடக்கும். தொலைத்த பிறகும் திரும்ப வாங்கக்கூடிய சின்ன வயசுப் பொருட்கள் எங்களிடம் அதிகமில்லை. இது அதில் ஒன்று.

ஆகவே தொடங்குகிற வயசு எது என்று கேட்டால், எட்டும் சரி, முப்பத்தெட்டும் சரி. இருபத்தேழில் இருக்கிற நாங்கள் பிந்திவிடவில்லை. தொடங்கப் பெரிய செலவும் இல்லை. மத்திய வங்கி 2013 என்று ஆண்டு பொறித்து 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொரு பத்து ரூபாய்க் குத்தி வெளியிட்டது. மிச்சக்காசு வாங்கும்போது ஒருக்கால் திருப்பிப் பாருங்கோ. முல்லைத்தீவு ஒருநாள் கிடைக்கும், அம்பாந்தோட்டை இன்னொருநாள். பழசு ஏதும் கிடைத்தால் புளி போட்டு மினுக்காதீங்கோ. மேலே படிந்த அந்தக் கறுப்பும் அதன் வயசுதான். ஒரு துண்டில் எந்த வருசம், ஆர் தந்தது, எங்கே கிடைத்தது என்று எழுதிக் கூட வையுங்கோ.

வீட்டில் எட்டு வயசில் ஒரு பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. இப்பத்தைப் பிள்ளைகளுக்குக் காசு என்பது அம்மாவின் போனில் கேட்கிற ஒரு சத்தம். அந்தக் கையில் ஒரு சதுர ஐந்து சதத்தை வையுங்கோ. எவ்வளவு பெறும் என்று நீங்களாகச் சொல்ல வேண்டாம். பிள்ளை என்ன கேட்குது என்று பாருங்கோ.