நாற்பது பேருக்கு ஒரு பாதை



உலகப் படத்தின் தென்கோடியில் இருக்கிறது நியூசிலாந்து. அதன் தென் தீவின் தென்மேற்கு மூலையில், பண்டைப் பனியாறுகள் மலையைக் குடைந்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளாக்கிச் சென்ற நிலப்பரப்பை பியோர்ட்லாந்து என்பர். 1952ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அவ்வனத்தின் ஊடே செல்வதுதான் மில்போர்டு நடைப்பாதை. 53.5 கிலோமீட்டர் நீளம். நான்கு பகல் நடை. மூன்று இரவுகளுக்கு மூன்று குடில்கள். 1908ஆம் ஆண்டிலேயே இலண்டன் வார ஏடொன்று இதை உலகின் மிகச் சிறந்த நடை என்று தலைப்பிட்டுப் புகழ்ந்தது.

புகழ் இருக்கட்டும். இப்பாதையின் கட்டுப்பாடுகளைக் கேட்டால் வியப்பீர்கள். அக்டோபர் இறுதி முதல் ஏப்ரல் முடிய உள்ள பருவத்தில், வழிகாட்டியின்றித் தாமே நடப்போர் நாளொன்றுக்கு நாற்பது பேர் மட்டுமே புறப்படலாம். ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். கூடாரம் அடிக்கக் கூடாது. ஒரு குடிலில் ஓர் இரவுக்கு மேல் தங்கவும் கூடாது. மறுநாள் மாலை அடுத்த நாற்பது பேர் அதே கட்டில்களைத் தேடி வந்து நிற்பார்கள். அடைமழை என்றாலும், காவலர் தடுக்காதவரை, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

தெ அனாவ் ஏரியைப் படகில் கடந்தால் பாதையின் தொடக்கம். முதல் நாள் வெறும் ஐந்து கிலோமீட்டர். கிளிண்டன் ஆற்றங்கரையோரம், பாசி போர்த்திய பீச் மரங்களினூடே நடந்தால் கிளிண்டன் குடில் வந்துவிடும். அங்கே உங்களுக்குக் கிடைப்பவை: மெத்தையிட்ட அடுக்குக் கட்டில், எரிவாயு அடுப்பு, தண்ணீர்க் குழாய், கழிப்பறை. கிடைக்காதவை: பாத்திரம், போர்வை, உணவு, குளியலறை. நான்கு நாள் உணவும் உங்கள் முதுகில். அதன் குப்பையும் உங்கள் முதுகில். மாலையில் குடில் காவலர் வந்து மறுநாள் வானிலையைச் சொல்வார். ஒருவரையொருவர் அறியாத நாற்பது பேர் சில அடுப்புகளைப் பகிர்ந்து சமைத்துண்டு, இருட்டியதும் அரவமின்றி உறங்கிவிடுகிறார்கள். மதரஸா விடுதியில் பிள்ளைகளைத் தூங்கவைக்கப் படாதபாடு படும் எனக்கு இது நம்புதற்கரிய செய்தி!

இந்த எளிய குடில்கள் சும்மா கிடைத்தவை அல்ல. பச்சைக்கல் தேடிச் சென்ற மாவோரி மக்கள் இவ்வழியை முன்பே அறிந்திருந்தனர். 1888ஆம் ஆண்டு குவின்டின் மக்கின்னன் என்பவர் மலைக்கணவாயைக் கண்டு ஏரியையும் கடலையும் இணைத்தார். அவர் பெயரே கணவாய்க்கும் நிலைத்தது. (நான்கே ஆண்டுகளில் அவர் அதே ஏரியில் மூழ்கி மறைந்தார்.) பின்னர் நெடுங்காலம், கட்டணம் செலுத்தி வழிகாட்டிக் குழுவில் சேர்ந்தவர்க்கே பாதை என்றாகிவிட்டது. மக்களுக்குச் சொந்தமான பூங்காவில் மக்கள் நடக்கப் பணக்காரராக இருக்க வேண்டுமா? 1964ஆம் ஆண்டு ஒட்டாகோ மலைநடைச் சங்கத்தார் தம் மூட்டைகளுடன் நடந்தே இக்கேள்வியைக் கேட்டனர். 1966ஆம் ஆண்டு, தாமே நடப்போருக்கான குடில்கள் எழுந்தன. வழிகாட்டிக் குழுவினர்க்கு வெந்நீர்க் குளியலும் சமைத்த உணவும் கொண்ட தனி விடுதிகள் இன்றும் உண்டு.

இரண்டாம் நாள் 17.5 கிலோமீட்டர். இருபுறமும் செங்குத்தான பாறைச்சுவர்கள். ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல், அதாவது மூன்று ஆள் உயரத்தையும் விஞ்சி, மழை கொட்டும் வட்டாரம் இது. மழை பெய்தால் அச்சுவர்களில் கணக்கற்ற அருவிகள் தோன்றும், ஓய்ந்தால் மறையும். இங்குள்ள மரங்கள் நிற்கும் விதமே தனி. பாறை மேல் படிந்திருப்பது மெல்லிய மண்ணும் பாசியுமே. வேர்கள் கீழிறங்க வழியின்றி ஒன்றோடொன்று கைகோத்துப் பிடித்துக்கொள்கின்றன. பெருமழையில் ஒரு மரம் பிடி தளர்ந்தால் சரிவு முழுவதும் உரிந்து விழும். வெற்றுப் பாறை மறுபடியும் காடாகப் பன்னெடுங்காலம் பிடிக்கும். நாற்பது பேர் என்ற கட்டுப்பாடு ஏன் என்று இங்கே நிற்கும்போதுதான் புரியும்.

ஆனால் அந்த நாற்பது பேர் யார்? முன்பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. வெளிநாட்டவர்க்குக் கட்டணமும் கூடுதல். அறுபதுகளில் திறந்த கதவு, பணத்தால் மெல்லச் சாத்தப்படுகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. எண்ணிக்கையைக் குறைப்பது காட்டுக்கு நல்லது. கட்டணத்தைக் கூட்டுவதால் காட்டுக்கு என்ன நன்மை என்று அதை நடத்துவோர்தாம் விளக்க வேண்டும்.

மூன்றாம் நாள், மின்டாரோ குடிலிலிருந்து கணவாய் ஏற்றம். 1,100 மீட்டருக்கும் உயர்ந்த அந்த முகட்டில் மரங்கள் இல்லை. புல்லும் காற்றும் மக்கின்னன் நினைவுக் கற்குவியலும் உண்டு. கியா என்னும் மலைக்கிளி காலணியைக் கொத்திக் கிழிக்கும். எட்டாத இடத்தில் வையுங்கள். இறங்கும் வழியில் மூட்டையை வைத்துவிட்டுச் சற்று விலகி நடந்தால் சதர்லாந்து அருவி: 580 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று தாவலில் விழுகிறது. அன்றிரவு டம்ப்ளிங் குடில்.

பாதையோரம் ஆங்காங்கே மரப்பெட்டிகள் தென்படும். முட்டையை இரையாக வைத்த பொறிகள் அவை. வெள்ளையர் முயல்களைக் கொண்டுவந்தனர். முயல் பெருகிப் புல்லைத் தின்றது. அதை ஒழிக்க, கீரியைப் போன்ற ஸ்டோட் என்னும் விலங்கைக் கொண்டுவந்தனர். அதுவோ முயலை விட்டுவிட்டு, பறக்கவியலாத பறவைகளையும் கூட்டில் கிடந்த குஞ்சுகளையும் தின்னத் தொடங்கியது. இன்று பொறிகளின் துணையால்தான் நீலவாத்து இவ்வாற்றில் நீந்துகிறது.

நான்காம் நாள் 18 கிலோமீட்டர் நடந்து கடலோரம் சேர்ந்தால் பாதை முடிகிறது. இடத்தின் பெயர் மணல் ஈ முனை. இத்தகைய எழிலைக் கண்ட மனிதர்கள் இங்கேயே தங்கிவிடக் கூடாதென்று இந்தக் கடிக்கும் ஈக்கள் ஏவப்பட்டன என்பது மாவோரி மக்களின் பழங்கதை. மறுகரைக்குப் படகு வரும்வரை அமர அங்கே ஓர் அறை உண்டு. உள்ளே நுழைந்ததும், வாசகரே, மறவாமல் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.