அப்பாவின் காலை ஜூஸ்

மதுரை
ஞாயிறு

அன்புத் தம்பி செல்வத்துக்கு,

அக்கா எழுதுவது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அப்பாவுக்குத் தினமும் காலையில் பெரிய டம்ளர் நிறைய சாத்துக்குடி ஜூஸ் கொடுப்பதாகச் சொன்னாய். சர்க்கரை போடாமல் கொடுத்தால் பயமில்லைதானே என்றும் கேட்டாய். இதைப் போனில் அவசரமாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பயம் இருக்கிறது, செல்வம். நாம் போடாவிட்டாலும் சர்க்கரை பழத்திலேயே இருக்கிறது. ஒரு டம்ளருக்கு மூன்று நான்கு பழம் பிழிகிறாய். உரித்துக் கொடுத்தால் அப்பா ஒரு பழத்தைத் தாண்டமாட்டார். சுளையை மென்று, கொட்டையைத் துப்பி, சாவகாசமாகச் சாப்பிடுவார். ஜூஸ் என்றால் நாலே மடக்கு. வடிகட்டியில் நிற்கும் சக்கையைக் குப்பையில் தட்டுகிறோமே, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாமல் பிடித்து நிறுத்துவதில் அந்த நாருக்குப் பெரிய பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த வழிகாட்டுதலில், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் நாம் காப்பியில் போடும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறது.

கடையில் விற்கும் டப்பா ஜூஸை நம்பி வாங்கிவிடாதே. அடர்சாற்றில் தண்ணீர் கலந்து செய்யும் ஜூஸுக்கு '100 சதவீதம் பழச்சாறு' என்று லேபிளில் போடுவதை நீக்கும்படி 2024-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது.

தெம்பு வரட்டும் என்றுதான் நீ கொடுக்கிறாய், தெரியும். தெம்புக்கு முட்டையும் பருப்பும் சுண்டலும் கொடு. அப்பாவின் சிறுநீரக ரிப்போர்ட் நன்றாக இருப்பதால் ஒரு பழம் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் எதிர்வீட்டுப் பெரியவருக்குக் கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்றாயே, அவருக்கு ஜூஸ், இளநீர் இரண்டுமே டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அவற்றில் உள்ள பொட்டாசியம் உடம்பில் தங்கிவிட்டால் இதயத்துக்கே ஆபத்து.

ஜூஸ் உயிர் காக்கிற நேரமும் ஒன்று உண்டு. அப்பாவுக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே அரை டம்ளர் ஜூஸ் கொடு. 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார். ஏறவில்லையென்றால் இன்னொரு அரை டம்ளர். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதே, புரையேறிவிடும்; நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ.

பாப்பாவுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு வயது முடிகிறவரை ஜூஸ் வேண்டவே வேண்டாம். வாழைப்பழத்தை மசித்துக் கொடுங்கள், ஆப்பிளை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஜூஸ் அதைக் கூட்டிவிடும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்தான் மருந்து. உன் மனைவி கீதா இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடுகிறாளாமே? டீ அந்தச் சத்தைச் சேரவிடாது. எலுமிச்சை ஜூஸோடு போடச் சொல்.

நாளைக் காலையிலிருந்து அப்பாவுக்கு டம்ளரை நிறுத்திவிட்டுப் பழத்தை உரித்துக் கொடு. முகம் சுளித்தால் அக்கா சொன்னாள் என்று சொல். ஒரு வாரம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்துக் குறித்து வைத்து, எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா